நோ நின்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது: பல்வேர்ச் சிகிச்சைக்குப் பின் பல்லைக் காப்பது எப்படி?

என் வாயில் பல்வேர்ச் சிகிச்சை (ரூட் கெனால்) செய்த பற்கள் இரண்டு இருந்தன. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. இடப்பக்கக் கீழ்க் கொடுப்புப் பல் போய்விட்டது. வலப்பக்க மேல் கொடுப்புப் பல் இன்றும் சோறும் மீனும் சப்பிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் சிகிச்சை செய்தவர் ஒரே வைத்தியர். இரண்டையும் அவர் நன்றாகவே செய்தார். சிகிச்சைக்குப் பிறகு நான் செய்ததும் செய்யாமல் விட்டதும்தான் வித்தியாசம்.

முதற் பல்லின் கதை 2010 டிசம்பரில் தொடங்கியது. மூன்று இரவு பல்லுக்கொதி. கராம்பு எண்ணெய் வைத்தும் நித்திரையில்லை. செட்டிபாளையத்திலிருந்து பஸ் ஏறி மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் பல் வைத்தியரிடம் போனேன். இரண்டு தடவை போனதில் வேர்ச் சிகிச்சை முடிந்தது. தற்காலிக அடைப்பு வைத்து, "இரண்டு கிழமையில் வாருங்கள், நிரந்தர அடைப்பும் கிறவுணும் போடவேண்டும்" என்று அனுப்பினார். அடுத்த மாதம், 2011 ஜனவரியில், பெருவெள்ளம் வந்தது. படுவான்கரையில் இருந்த எங்கள் வயல் அழிந்தது. கிறவுணுக்கென்று எடுத்து வைத்த காசு வீட்டுச் செலவுக்குப் போனது. பல்லில் நோவும் இல்லை. "நோ போயிற்றுத்தானே மகன், பிறகென்னத்துக்குக் காசைக் கொட்டுறாய்?" என்று அம்மா கேட்டா. எனக்கும் அது சரியாகவே பட்டது.

எட்டு மாதம் கழித்து வாவி நண்டின் காலொன்றைக் கடித்தபோது "டக்" என்றொரு சத்தம். நோகவில்லை. அதனால் அப்போதும் போகவில்லை. ஒரு கிழமையில் முரசு (ஈறு) வீங்கிய பிறகுதான் போனேன். எக்ஸ்றே எடுத்துப் பார்த்தார்கள். பல் வேர்வரை பிளந்திருந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றார் வைத்தியர்.

நான் பல் வைத்தியன் அல்ல. இரண்டாவது பல்லைக் காப்பதற்காக வைத்தியர்களிடம் கேட்டதையும், தேடி வாசித்ததையும், பட்டறிந்ததையும் இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் வைத்தியர் உங்கள் பல்லைப் பார்த்துச் சொல்வது இதிலிருந்து வேறுபட்டால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

எங்களுக்கு ஏன் இது தெரியாமல் போனது?

போர்க்காலத்தில் எங்களில் பெரும்பாலானோருக்குத் தெரிந்த பல் வைத்தியம் பிடுங்குவது ஒன்றுதான். சோதனைச் சாவடிகளைத் தாண்டி, ஓடத்தில் வாவி கடந்து, ஒரு பல்லுக்காக மூன்று தடவை யார் போவார்கள்? 2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்து வந்தபோது எங்கள் வீட்டிலும் இரண்டு குடும்பங்கள் தங்கியிருந்தன. அவர்களில் ஒரு மாமி, ஆடிக்கொண்டிருந்த பல்லைத் தானே நூல் கட்டி இழுத்து எடுத்தா. நோ வந்தால் பொறுப்பது, பொறுக்க முடியாவிட்டால் பிடுங்குவது, நோ நின்றால் மறப்பது என்ற பழக்கம் அந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது. வேர்ச் சிகிச்சை செய்த பல்லுக்கு அதே பழக்கம்தான் எதிரி.

பல்லுக்குள் என்ன நடந்தது?

பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய மென்மையான பகுதி உண்டு. அதைப் பற்கூழ் என்பார்கள். சூத்தை அங்கே எட்டினால் கிருமித் தொற்று ஏற்படும், கொதி வரும், வேர் நுனியில் சீழ் கட்டும். வேர்ச் சிகிச்சையில் அந்தக் கூழை முழுவதும் எடுத்து, வேருக்குள் ஓடும் மெல்லிய கால்வாய்களைச் சிறு அரங்களால் அராவி, கிருமி கொல்லும் திரவத்தால் கழுவி, உள்ளே காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். முன்பற்களில் பெரும்பாலும் ஒரு கால்வாய்தான். கொடுப்புப் பற்களில் மூன்று, நான்கு இருக்கும். அதனால்தான் கொடுப்புப் பல்லுக்கு நேரமும் காசும் கூட.

உள்ளே அடைக்கும் பொருளின் பெயர் கட்டாப்பேர்ச்சா. மலாயப் பகுதியில் வளரும் ஒரு மரத்தின் பால் அது. எங்கள் காடுகளில் பாலைப்பழம் தரும் பாலை மரமும் அதே மரக்குடும்பம்தான். 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு நீர் புகாத உறையாகப் பயன்பட்டதும் இந்தப் பொருள்தான்.

சிகிச்சைக்குப் பிறகு பல் "செத்துப்போய்விட்டது" என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. உள்ளே உணர்வில்லை. ஆனால் வேரைச் சுற்றியுள்ள தசைநாரும் எலும்பும் உயிரோடுதான் இருக்கின்றன. அதனால்தான் கடிக்கும்போது அந்தப் பல்லில் அழுத்தம் தெரிகிறது, சிகிச்சைக்குப் பிறகு சில நாள் நோவும் இருக்கிறது. ஆனால் குளிர், சூடு, இனிப்பு எதுவும் தெரியாது. மறுபடி சூத்தை பிடித்தாலும் அந்தப் பல் உங்களுக்கு அறிவிக்காது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

முதல் சில மணிநேரம்

விறைப்பு ஊசியின் தாக்கம் பொதுவாக 2 முதல் 4 மணிநேரம் இருக்கும். அது போகும்வரை சாப்பிடவேண்டாம். உதட்டையும் கன்னத்தையும் நாக்கையும் கடித்தாலும் தெரியாது. கொதிக்கும் தேத்தண்ணி குடித்தால் வாய் வெந்தாலும் தெரியாது. பிள்ளைகளுக்குச் சிகிச்சை நடந்திருந்தால் விறைத்த உதட்டைச் சப்பாமல் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். தண்ணீர் குடிக்கலாம். தற்காலிக அடைப்பு இறுகுவதற்கு நேரம் எடுக்கும் என்பதால் விறைப்பு போனாலும் முதல் ஒரு மணிநேரத்துக்கு அந்தப் பக்கத்தால் கடிக்கக்கூடாது.

முதல் ஒரு கிழமை

கடிக்கும்போது நோவு இருப்பது வழமை. இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்கி ஒரு கிழமையில் அடங்கிவிடும். சிகிச்சைக்கு முன் சீழ் கட்டியிருந்தவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். நாளுக்கு நாள் குறைகிறதா என்பதைக் கவனியுங்கள். குறையாமல் கூடினால் வைத்தியரிடம் திரும்பிப் போகவேண்டும்.

பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு குளிசை, 6 மணிநேரத்துக்கு ஒரு தடவை போதும். ஒரு நாளைக்கு 8 குளிசைக்கு மேல் கூடாது. ஈரல் நோய் உள்ளவர்களும் உடல் எடை மிகக் குறைந்தவர்களும் அளவைக் கேட்டே போடவேண்டும். ஐபுப்ரொபன் பல் நோவுக்கு நன்றாக வேலை செய்யும் மருந்துதான். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரிடம் கேட்காமல் அதை எடுக்கக்கூடாது. மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் ஒருவரும் தாமாக எடுக்கவேண்டாம். அது டெங்குவாக இருந்தால் ஐபுப்ரொபன் இரத்தக்கசிவைக் கூட்டும்.

நோவுக்கு அஸ்பிரின் குளிசையை முரசில் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது முரசைச் சுட்டுப் புண்ணாக்கும். கராம்பு எண்ணெயும் கூடினால் புண்ணாக்கும். நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசைகளை (அமொக்சிசிலின் போன்றவை) பார்மசியில் நீங்களாகக் கேட்டு வாங்கவேண்டாம். வேர்ச் சிகிச்சை முடிந்த பல்லின் சாதாரண நோவுக்கு அவை தேவையில்லை. பரவும் வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் வைத்தியர் எழுதித் தருவார். தந்தால் நோ நின்றாலும் சொன்ன நாள்வரை எடுக்கவேண்டும்.

சாப்பாட்டுக்கு எங்கள் ஊரில் குறைவில்லை. குழைத்த சோறு, தயிர், இடியப்பமும் சொதியும், முள் நீக்கிய மீன், கஞ்சி. மற்றப் பக்கத்தால் சாப்பிடுங்கள். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு நாளுக்கு மூன்று நான்கு தடவை கொப்பளித்தால் முரசுக்கு இதமாக இருக்கும். அந்தப் பல்லையும் சேர்த்தே பிரஷ் பண்ணவேண்டும். நோகிறதென்று விட்டால் முரசு இன்னும் வீங்கும்.

வாயை மூடும்போது மற்றப் பற்களுக்கு முன் அந்தப் பல் மட்டும் முட்டுவதுபோல் இருந்தால் அடைப்பு உயரமாக இருக்கிறது என்று பொருள். பழகிவிடும் என்று விடவேண்டாம். வைத்தியர் ஐந்து நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்வார். விட்டால் நோ நீடிக்கும், பல்லும் வெடிக்கலாம்.

தற்காலிக அடைப்பு என்றால் தற்காலிகம்தான்

நான் தவறவிட்ட இடம் இதுதான். தற்காலிக அடைப்பு சில கிழமைகளுக்கு மட்டுமே செய்யப்படுவது. மேலே சிறிது தேய்வது வழமை. ஆனால் நாட்கள் போகப்போக ஓரங்களில் எச்சில் கசிந்து உள்ளே இறங்கும். எச்சிலோடு கிருமிகளும் இறங்கும். நன்றாகச் செய்த வேர்ச் சிகிச்சையே அதனால் வீணாகும், தொடக்கத்திலிருந்து மறுபடி செய்ய நேரிடும்.

அடைப்பு முழுவதும் கழன்று விழுந்தால் அன்றோ மறுநாளோ வைத்தியருக்கு அறிவியுங்கள். பஞ்சு, கராம்பு, சுண்ணாம்பு என்று எதையும் உள்ளே திணிக்காதீர்கள். சாப்பிட்டதும் கொப்பளித்து, அந்தப் பக்கத்தால் கடிக்காமல் இருங்கள். தற்காலிகக் கிறவுண் போட்டிருந்தால் தொதல், மஸ்கற், டொபி போல ஒட்டும் இனிப்புகள் கூடாது. பல்லிடுக்கில் நூல் போட்டுச் சுத்தம் செய்வோர் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுக்கவேண்டும்.

தாமதிக்கக்கூடாத அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்:

- வீக்கம் கண்ணை நோக்கியோ, தாடைக்குக் கீழே கழுத்தை நோக்கியோ பரவுதல்
- வாய் திறக்க முடியாமை, விழுங்கக் கஷ்டம், குரல் மாறுதல்
- மூச்செடுக்கச் சிரமம்
- வீக்கத்தோடு காய்ச்சல், நடுக்கம்
- கொடுத்த மருந்துக்குப் பிறகு உடம்பில் தடிப்பு, உதடு வீங்குதல்

கழுத்துப் பக்கம் இறங்கும் பல் வீக்கம் உயிரை எடுக்கக்கூடியது. விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. செட்டிபாளையத்தைச் சுற்றியுள்ளவர்களுக்குக் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையும், நகர்ப்பக்கம் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த எண் எங்களுக்கு வேறோர் ஆண்டை நினைவூட்டும். ஆனால் இந்த இலக்கம் உதவிக்கானது. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

சீனி வியாதி உள்ளவர்கள் சிறு வீக்கத்தையும் அலட்சியம் செய்யக்கூடாது. சீனி கட்டுப்பாட்டில் இல்லாதபோது தொற்று வேகமாகப் பரவும், காயமும் மெதுவாகவே ஆறும்.

கிறவுண் ஆடம்பரமா?

"கிறவுண் வடிவுக்குப் போடுவது" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முன்பற்களைப் பொறுத்தவரை துளை சிறிதாக இருந்தால் நல்ல அடைப்பே போதும் என்று வைத்தியர் சொல்லக்கூடும். கொடுப்புப் பற்களின் நிலை வேறு. சோற்றிலுள்ள கல்லும் மீன் முள்ளும் நண்டு ஓடும் அவற்றின் மீதுதான் விழுகின்றன.

வேர்ச் சிகிச்சையால் பல் காய்ந்து உடையக்கூடியதாகிறது என்பது பொதுவான நம்பிக்கை. பல் பலவீனமாவதற்கு முக்கிய காரணம் அதுவல்ல. 1989இல் வெளியான ஓர் ஆய்வில், வேர்ச் சிகிச்சைக்காகத் துளையிட்டதால் மட்டும் பல்லின் விறைப்புத்தன்மை சுமார் 5 சதவீதமே குறைந்தது. பக்கத்துப் பற்களைத் தொடும் இரு பக்கச் சுவர்களும் போன பல்லில் குறைவு சுமார் 63 சதவீதம். அதாவது சூத்தை தின்றதுதான் பல்லைப் பலவீனமாக்குகிறது. சிகிச்சைக்கு வரும் பல் பெரும்பாலும் ஏற்கெனவே சுவர் இழந்த பல். தூண்போன்ற மீதிச் சுவர்கள் கடிக்கும் வேகத்தில் வெளிப்பக்கம் பிளக்கும். அவற்றைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பதுதான் கிறவுணின் வேலை.

அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் சிகிச்சை பெற்றவர்களின் பதிவுகளை வைத்து 2002இல் வெளியான ஆய்வில், கிறவுண் போடாத வேர்ச் சிகிச்சைப் பற்கள், போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டிருந்தன. 2004இல் அதே நாட்டில் 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட பற்களின் காப்புறுதிப் பதிவுகளை ஆராய்ந்தபோது 8 ஆண்டுகளின் பின்னும் 97 சதவீதமானவை வாயில் இருந்தன. பிடுங்கப்பட்டவற்றில் 85 சதவீதமானவற்றுக்கு முழு உறை இருக்கவில்லை. என் இடப்பக்கப் பல்லும் அந்த வகைதான்.

காசில்லையென்றால் என்ன செய்வது?

அரச வைத்தியசாலைகளில் பல் சிகிச்சை இலவசம். சிறிய நிலையங்களில் பெரும்பாலும் பிடுங்குவதும் அடைப்பதும் நடக்கும். வேர்ச் சிகிச்சைக்குப் பெரிய வைத்தியசாலைகளுக்கு அனுப்புவார்கள், அங்கே காத்திருக்க நேரிடும். சிக்கலான பற்களுக்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அது எங்களுக்குத் தூரம்தான். ஆனாலும் துண்டு வாங்கிப் போய்ச் சிகிச்சை முடித்து வந்தவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள்.

தனியாரிடம் செய்வதென்றால் தொடங்குமுன் முழுச் செலவையும் கேளுங்கள். "வேர்ச் சிகிச்சைக்கு எவ்வளவு" என்று மட்டும் கேட்டால் பாதி விலைதான் தெரியவரும். காசு குறைவு என்பதை வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லுங்கள். சொன்னால் வழிகள் இருக்கின்றன. பின்பல்லுக்குப் பீங்கான் நிறக் கிறவுண் வேண்டியதில்லை. உலோகக் கிறவுண் விலை குறைவு, உறுதியானது. கிறவுணுக்குச் சில மாதம் ஆகும் என்றால் பல்லின் உயர்ந்த முனைகளைக் குறைத்து, மேற்பரப்பு முழுவதையும் மூடி நிரந்தர அடைப்பு வைக்கச் சொல்லிக் கேட்கலாம். அது கிறவுணுக்கு முழு ஈடு இல்லை. ஆனாலும் தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் இருப்பதைவிடப் பன்மடங்கு மேல்.

எல்லாப் பல்லையும் காப்பாற்ற முடியாது. மீதமுள்ள பல் மிகக் குறைவாக இருந்தால் பிடுங்குவதே சரி என்று நல்ல வைத்தியர் சொல்வார். அப்படிச் சொல்பவர் உங்கள் காசைக் காப்பாற்றுகிறார். மேற்பல் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பது வெறும் கதை.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. இங்கே செலவு குறைவென்று பல் வேலை தொடங்குவதானால் வந்த முதற் கிழமையிலேயே தொடங்குங்கள். கிறவுண் போடாமல் விமானம் ஏறினால் அங்கே போய் இரட்டிப்புச் செலவாகும்.

போரில் அடிபட்ட பற்களும் அந்தக் கதிரையும்

என் மச்சான் ஒருவருக்கு 1990இல் ஒரு சுற்றிவளைப்பின்போது முகத்தில் அடி விழுந்தது. முன்பல் உடையவில்லை. சில ஆண்டுகளில் அது மெல்லக் கறுத்தது. நோகவில்லை என்பதால் விட்டுவிட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து முரசில் பருப்போல ஒன்று தோன்றிச் சீழ் வடிந்தது. அடியில் உள்ளே கூழ் இறந்து, நீண்ட காலமாகத் தொற்று இருந்திருக்கிறது. இப்படிப்பட்ட பற்கள் எங்களிடையே நிறைய உண்டு. முகத்தில் அடிபட்டவர்கள், குண்டு வெடிப்பில் விழுந்தவர்கள் நோ இல்லாவிட்டாலும் ஒரு தடவை எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பது நல்லது. நிறம் மாறிய பல், முரசில் வந்து போகும் பரு ஆகிய இரண்டையும் விட்டுவைக்கவேண்டாம்.

தாடையிலோ கழுத்திலோ செல்துண்டு இருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லவேண்டும். பல் எக்ஸ்றேயால் அதற்கு ஆபத்தில்லை. ஆனால் எக்ஸ்றேயில் அது தெரியும்போது வைத்தியர் குழம்பாமல் இருப்பார். காந்த ஸ்கான் எடுக்க நேர்ந்தால் உடம்பில் உலோகம் இருப்பதைக் கட்டாயம் சொல்லவேண்டும்.

மச்சானுக்குப் பல்லைவிடக் கதிரைதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. மல்லாக்கப் படுக்கவைத்து, முகத்துக்கு மேலே வெளிச்சம் போட்டு, வாயைத் திறக்கச் சொன்னதும் எழுந்து வெளியே போய்விட்டார். காரணத்தை வெளியே சொல்லவும் இல்லை. இரண்டாம் தடவை நானும் கூடப் போனேன். "இவருக்குப் படுத்தால் பழைய ஞாபகம் வரும் டொக்டர்" என்று ஒரு வரி மட்டும் சொன்னேன். வைத்தியர் கதிரையைப் பாதி நிமிர்த்தினார். இடக்கையைத் தூக்கினால் உடனே நிறுத்துவதாகச் சொன்னார். ஒவ்வொன்றையும் செய்யுமுன் என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னார். வேலை முடிந்தது.

இந்தக் கஷ்டம் உள்ளவர்கள் கதை முழுவதையும் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு வரி போதும். கை அடையாளத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். வாய்க்கு மேலே இறப்பர் திரை போடுவார்கள். அது கிருமியும் மருந்தும் தொண்டைக்குள் போகாமல் தடுப்பதற்கு. மூக்கால் மூச்சு விடலாம் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும்.

இன்னொன்று, நித்திரையில் பல் நெருமுவது. மனவழுத்தமும் குழம்பிய நித்திரையும் உள்ளவர்களிடம் இது அதிகம். விடியும்போது தாடை களைத்திருத்தல், நெற்றிப்பொட்டில் நோ, பற்களின் மேற்பரப்பு தட்டையாகத் தேய்தல் ஆகியவை அடையாளங்கள். வேர்ச் சிகிச்சை செய்த பல்லை இது வெடிக்கச் செய்யும். இரவில் போடும் பல் காப்பு உறையை வைத்தியர் அளவெடுத்துச் செய்து தருவார்.

ஆண்டுக்கணக்கில் பல்லைக் காக்க

கிறவுணுக்குச் சூத்தை பிடிக்காது. ஆனால் அது முரசைத் தொடும் ஓரத்தில் உங்கள் சொந்தப் பல் இருக்கிறது. அங்கே பிடிக்கும். நோ வராது என்பதால் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

- காலையும் படுக்கைக்கு முன்னும் புளோரைட் உள்ள பற்பசையால் இரண்டு நிமிடம், மென்மையான பிரஷால் விளக்குங்கள். துப்பியபின் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விட்டால் புளோரைட் பல்லில் தங்கும். கரியும் செங்கல் தூளும் பல்லையும் முரசையும் தேய்க்கும்.
- பல்லிடுக்குகளை நூலாலோ சிறு இடுக்குப் பிரஷாலோ நாளுக்கு ஒரு தடவை சுத்தம் செய்யுங்கள்.
- நண்டுக் காலை அம்மியில் தட்டி உடையுங்கள். போத்தல் மூடி, கஜுக் கொட்டை, ஐஸ்கட்டி எதையும் பல்லால் உடைக்கவேண்டாம்.
- களுதாவளை வெற்றிலைக்குப் பேர்போன பகுதி எங்களுடையது. சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் காய்ந்த பாக்கு பல்லை வெடிக்கவைக்கும். பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதியானது.
- ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல்லைக் காட்டுங்கள். ஓர் ஆண்டு முடியும்போது ஒரு எக்ஸ்றே எடுத்து வேர் நுனி எலும்பு ஆறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பெரிய சீழ்க்கட்டி இருந்த பல் முழுதாக ஆற 4 ஆண்டுகள்வரைகூட ஆகலாம்.
- எக்ஸ்றேயையும் சிகிச்சைத் துண்டையும் போனில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். பத்திரங்களை இழந்து அலைவதென்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

வேர்ச் சிகிச்சை செய்த பல் உடம்பில் நஞ்சு கக்கும், புற்றுநோய் தரும் என்ற செய்தி வட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. வெஸ்டன் பிறைஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் பரப்பிய கருத்தின் மிச்சம் அது. பின்னர் நடந்த ஆய்வுகள் அவருடைய முடிவுகளை உறுதிப்படுத்தவில்லை. அதை நம்பி நல்ல பல்லைப் பிடுங்கவேண்டாம்.

கதிரையில் ஏறுமுன் ஐந்து கேள்விகள்

1. இந்தப் பல்லை நீண்ட காலம் காப்பாற்ற முடியுமா?
2. கிறவுணோடு சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?
3. எத்தனை தடவை வரவேண்டும்?
4. இப்போது வைத்த அடைப்பு தற்காலிகமா, நிரந்தரமா? எந்தத் திகதிவரை?
5. அடுத்த எக்ஸ்றே எப்போது?

நான்காவது கேள்வியின் பதிலைக் கலண்டரில் எழுதுங்கள். 2016இல் இரண்டாவது பல்லுக்கு நான் செய்தது அதுதான். அந்த முறையும் நோ இரண்டு நாளில் நின்றுவிட்டது, அந்த முறையும் வீட்டில் வேறு செலவுகள் இருந்தன. ஆனால் திகதி கலண்டரில் இருந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு டவுனுக்குப் போகல்லையா?" என்று கேட்டா. பஸ் ஏறிவிட்டேன்.